கல்லீரல் சுருக்க நோய்க்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் உதவித்தொகையும் கிடைக்குமா?

கேள்வி — நூற்பாலைத் தொழிலாளியின் மகள், அவினாசி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 47. எங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு நூற்பாலையில் பதினோரு ஆண்டுகளாக ஃபிட்டராக வேலை பார்த்து வருகிறார். மாதச் சம்பளம் பிடித்தம் போக ஏறத்தாழ 18,000 ரூபாய். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இரண்டும் பிடிக்கிறார்கள்.

சென்ற ஆண்டு கடைசியிலிருந்தே அவருக்குக் காலில் வீக்கமும் சோர்வும் இருந்தன. வயிறு உப்பி, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போகச் சம்மதித்தார். லிவர் சிரோசிஸ் என்றும், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்துவிட்டது என்றும் சொல்லி, ஒரே நாளில் ஐந்து லிட்டர் நீரை வெளியே எடுத்தார்கள். இருபது நாளில் மறுபடியும் வயிறு பழையபடி ஆகிவிட்டது. அவர் பல வருடங்கள் குடித்தவர் என்பதை மறைப்பதில் பயன் இல்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து தொடவில்லை.

கடந்த நாற்பது நாட்களாக வேலைக்குப் போகவில்லை. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் கூட்டம் அதிகம் என்று தனியார் மருத்துவமனையிலேயே பார்த்துக்கொண்டிருப்பதால், கையிருப்பு கரைந்து அம்மாவின் தாலிக்கொடி வரை அடகுக்குப் போய்விட்டது. ஆலையின் டைம் ஆபீசில் (வருகைப் பதிவு அலுவலகத்தில்), “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் பி.எஃப். பணத்தை முழுவதுமாக வாங்கித் தருகிறோம், அதன் பிறகு மாற்றுத்திறனாளி பென்ஷனுக்கு எழுதிப் போடுங்கள்” என்கிறார்கள். அப்பா கடிதத்தை எழுதியும் வைத்துவிட்டார். தேதி மட்டும் போடவில்லை.

கல்லீரல் நோயாளிக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தருவார்களா, மாத உதவித்தொகை எவ்வளவு, எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், குடியால் வந்த நோய் என்று சொல்லித் தள்ளிவிடுவார்களா என்பனவற்றை விவரம் அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1 — சேலத்துச் சகோதரி

என் கணவருக்கும் இதே நோய்தான். நான் ஏறி இறங்கிய படிகளில் நீங்களும் ஏற வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் ஸ்கேன், எண்டோஸ்கோபி அறிக்கைகள் அனைத்தையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாமுக்குப் போனோம். நான்கு மேசைகள் போட்டிருந்தார்கள்: எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம். எந்த மேசையின் வரிசையில் நிற்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. எலும்பு மருத்துவர் கோப்பை முழுவதும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவர் என்னிடம் வருகிறவர்களை விடவும் மோசமான நிலையில்தான் இருக்கிறார், ஆனால் எழுதித் தருவதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லையே அம்மா” என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு நாள் ஆட்டோ வாடகையும் காத்திருப்பும் வீணாயின.

பதில் 2 — ஓய்வு பெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர், கோவை

அம்மணி, முதலில் ஒன்று: அந்தக் கடிதத்தில் தேதி போட வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆலைகளின் டைம் ஆபீசில் வேலை பார்த்தவன் என்பதால், அந்த அறையின் வழக்கங்கள் எனக்குத் தெரியும். உடல்நலம் குன்றியவரை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால் தலைவலி தீர்ந்தது என்று நினைக்கிற நிர்வாகங்கள் உண்டு. அவர்கள் உங்களை ஏமாற்ற நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், பலருக்குச் சட்டமே தெரியாது.

உங்கள் நேரடிக் கேள்விக்குப் பதில்: கிடைக்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய 1995 சட்டத்தில் இருந்த 7 வகைகளை 21 ஆக உயர்த்தியது. பார்வை, செவி, கை கால் இயக்கம், அறிவுசார் குறைபாடு, மனநோய் ஆகியவற்றோடு பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் இரத்தசோகை, அமில வீச்சுத் தாக்குதலுக்கு உள்ளானவர்கள் என்று பட்டியல் நீளுகிறது. ஆனால் கல்லீரலும் அதில் இல்லை, சிறுநீரகமும் இல்லை. மத்திய அரசு வேறு வகைகளையும் அறிவிக்கலாம் என்று அட்டவணையின் கடைசியில் ஒரு வரி உண்டு. உங்கள் தந்தைக்கு இன்றைக்கு அந்த வரியால் பயன் இல்லை. பட்டியலில் உள்ள குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று இருந்தால்தான் உதவித்தொகையைப் பற்றிப் பேசவே முடியும். ஆகவே எந்தத் தரகராவது, “சதவீதம் போட்டு வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் உங்கள் தந்தை ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டியவர். மாற்றுத்திறனாளி என்ற பெயரில் கிடைக்காதது, நோயுற்ற தொழிலாளி என்ற பெயரில் அவருக்குக் கிடைக்கும், அதுவும் பல மடங்காக.

ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்களுக்கு, சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம் தருவார்கள். அதற்குரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலான நோய்க்குப் பயன்படும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு ஆகும். நிரந்தரத் தொழிலாளியாகத் தொடர்ந்து வேலைக்குப் போனவருக்கு இது பெரும்பாலும் தடையாக இருக்காது.

அந்த 91 நாட்களோடு முடிந்துவிடும் என்றுதான் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முடிவதில்லை. நீண்ட காலச் சிகிச்சை தேவைப்படும் 34 நோய்களுக்கு, அதற்கு மேலும் உதவித்தொகை உண்டு. அலுவலகத்தில் ‘எக்ஸ்டெண்டட் சிக்னெஸ் பெனிஃபிட்’ என்று கேட்டால் தெரியும். காசநோய், புற்றுநோய், பக்கவாதம், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை இருக்கும் அந்தப் பட்டியலில், செரிமான உறுப்பு நோய்கள் என்ற தலைப்பின் கீழ் இருப்பது ஒரே ஒரு பதிவுதான்: வயிற்றில் நீர் கோத்த கல்லீரல் சிரோசிஸ் அல்லது நாட்பட்ட தீவிரக் கல்லீரல் அழற்சி. உங்கள் தந்தைக்கு வந்திருப்பது அதுவேதான். இந்த உதவித்தொகை ஊதியத்தில் 80 சதவீதம். மருத்துவர்கள் தொடர்ந்து சான்று தந்தால் இரண்டு ஆண்டுகள் வரை நீளும். நோய் தொடங்கியபோது இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக வேலையில் இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பதினோரு ஆண்டு சர்வீஸ் உள்ளவருக்கு இது சிரமமே இல்லை.

அவருடைய சராசரி நாள் ஊதியம் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் 91 நாட்களுக்கு நாளொன்றுக்கு 420 ரூபாயும், அதன் பிறகு 480 ரூபாயும் வரும். முப்பது நாள் மாதத்துக்கு 14,400 ரூபாய். வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிக்குத் தரும் ஓய்வூதியம் 2023-இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. நீங்கள் எதைத் தேடி அலைய இருந்தீர்கள், எதைக் கைவிட இருந்தீர்கள் என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

இனிச் செய்ய வேண்டியது. தனியார் மருத்துவமனையின் சான்றிதழை வைத்து மட்டும் ஈ.எஸ்.ஐ. பணம் தராது. அவருடைய ஐ.பி. எண் (ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) எந்த டிஸ்பென்சரியோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ, அங்குள்ள மருத்துவ அதிகாரி விடுப்புச் சான்று எழுத வேண்டும். நாளையே டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், எண்டோஸ்கோபி, இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அனைத்தின் நகல்களோடும் அவரை நேரில் அழைத்துச் செல்லுங்கள். கழிந்துபோன நாற்பது நாட்களுக்கு, தனியார் மருத்துவமனைப் பதிவுகளை மாற்றுச் சான்றாக ஏற்கும்படி கிளை அலுவலக மேலாளருக்குத் தனியாக மனு எழுதலாம். ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் முடிவு, ஆனால் விதியில் இடம் இருக்கிறது.

சான்றில் எழுதப்படும் சொற்களைக் கவனியுங்கள். என் காலத்தில் ஒரு கார்டிங் தொழிலாளிக்கு வெறும் ‘லிவர் டிசீஸ்’ என்று எழுதிவிட்டார்கள். 91 நாட்கள் முடிந்ததும் பணம் நின்றுவிட்டது. சிரோசிஸ் என்பதும், வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்பதும் சேர்ந்து வந்தால்தான் பட்டியலில் உள்ள நோயாக அதை எடுத்துக்கொள்வார்கள் என்று புரிந்துகொண்டு, நிபுணரிடம் திருத்தி எழுதி வாங்குவதற்குள் மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதமும் அவர் வீட்டில் கந்து வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

குடியைப் பற்றி: பட்டியலில் நோயின் பெயர்தான் இருக்கிறது, அது எதனால் வந்தது என்ற கேள்வி இல்லை. ஆனால் உதவித்தொகை வாங்குகிற காலத்தில், குணமாவதற்குக் கேடான எதையும் செய்யக்கூடாது என்று ஈ.எஸ்.ஐ. விதி சொல்கிறது. இப்போது நிறுத்தியிருப்பதை அப்படியே காப்பாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஈ.எஸ்.ஐ. விதிப்படி, நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது. அவர்கள் செய்ய முடியாததைத்தான், அவராகவே எழுதிக் கொடுக்கும்படி கேட்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். 91 நாட்களுக்குப் பிறகும் உண்டு என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. டைம் ஆபீசில் ‘டிஸேபிள்மெண்ட் பெனிஃபிட்’ என்று ஒன்று ஈ.எஸ்.ஐ.யிலேயே இருப்பதாகவும், அதற்கு அப்பா தகுதி பெற மாட்டார் என்றும் சொன்னார்கள். அது வேறு, நீங்கள் சொல்வது வேறா? அடுத்து, அடகு நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. பி.எஃப். பணத்தை எடுப்பதற்கு வேலையை விடுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

பதில் 3 — தொழிற்சங்க அலுவலகப் பணியாளர், திருப்பூர்

பெரியவர் எழுதியதோடு நான் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

டைம் ஆபீசில் சொன்னது பாதி உண்மை. நீங்கள் குறிப்பிடும் அந்த ஊனப் பயன், வேலையில் ஏற்பட்ட விபத்துக்கும் தொழில்சார்ந்த நோய்க்கும் மட்டும் உரியது. இயந்திரத்தில் விரல் போனவருக்கு அது பொருந்தும், உங்கள் தந்தைக்குப் பொருந்தாது. அந்தப் படிவத்தை நிரப்பினால் நிராகரிப்புக் கடிதம்தான் வரும், அதைப் பார்த்துவிட்டு ஈ.எஸ்.ஐ.யில் ஒன்றுமே கிடையாது என்று விட்டுவிட்டவர்கள் எங்கள் அலுவலகத்துக்கே வந்திருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது நோய்க்கால உதவித்தொகை.

பி.எஃப். பொறுத்தவரை, உறுப்பினரின் சிகிச்சைக்கென்று கணக்கிலிருந்து ஒரு பகுதியை எடுக்க வழி இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே, யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணும் ஆதாரோடு இணைந்த கைப்பேசியும் இருந்தால் இணையத்தில் விண்ணப்பித்துவிடலாம். அடகுக் கடைக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

ராஜினாமா வேண்டாம் என்பதற்கு பி.எஃப். பக்கத்திலும் கனமான காரணம் உண்டு. 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், பணியில் இருக்கும்போது நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாமற்போன உறுப்பினருக்கு ஓய்வூதியம் உண்டு. வேலையால்தான் அந்த நிலை வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நோயால் வந்தாலும் சரி. பத்து ஆண்டு சர்வீஸ் கூடத் தேவையில்லை, ஒரு மாதச் சந்தா போதும். 10-டி படிவத்தில் விண்ணப்பித்தால் மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பி.எஃப். பிடிக்கும் சம்பளம் 12,000, சர்வீஸ் பதினோரு ஆண்டு என்றால், 12,000-ஐப் பதினொன்றால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதம் ஏறத்தாழ 1,886 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் ஆயுள் முழுவதும் வரும்.

இதையே அவர் ராஜினாமா செய்துவிட்டுக் கேட்டால் என்ன ஆகும்? ‘பணியில் இருக்கும்போது’ என்ற சொல் போய்விடும். பிறகு 50 வயது வரை காத்திருந்து, 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் கழித்துக்கொண்டு முன்கூட்டிய ஓய்வூதியம்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த 10-டி படிவத்தை இப்போதே கொடுக்கச் சொல்ல மாட்டேன். ‘நிரந்தரமாக இயலாதவர்’ என்று இன்றைக்கு எழுதி வாங்கிவிட்டால் ஆலையோடு உறவு முடிந்துவிடும். குடியை நிறுத்தி, உப்பைக் குறைத்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒரு வருடத்தில் இலகுவான வேலைக்குத் திரும்பிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். திரும்பாதவர்களையும் தெரியும். ஈ.எஸ்.ஐ. உதவித்தொகை வரும் இரண்டு ஆண்டுகளில் நிலைமை தெளிவாகிவிடும். அது முடியும் தறுவாயில் வேலைக்குப் போக முடியாத நிலை இருந்தால், சர்வீசில் இருந்தபடியே விண்ணப்பியுங்கள்.

எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் ஒரு மகளாக நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். பணியில் இருக்கும் பி.எஃப். உறுப்பினருக்கு 7 லட்சம் ரூபாய் வரை ஆயுள் காப்பீடு உண்டு. அதற்குத் தொழிலாளியிடம் பிடித்தம் கிடையாது என்பதால் பலருக்கும் தெரியாது. வேலையை விட்டவர் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடும். நியமனதாரராக உங்கள் அம்மாவின் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இணையத்தில் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பல பேருடைய கணக்கில், கல்யாணத்துக்கு முன் கொடுத்த தாயின் பெயர்தான் இன்னும் இருக்கிறது.

பதில் 4 — சேலத்துச் சகோதரி

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போது வயிறு எரிகிறது. என் கணவர் கட்டடத் தொழிலாளி, ஈ.எஸ்.ஐ. கிடையாது. அவருக்கு வந்தது ஹெபடைடிஸ் பி கிருமியால் ஆன சிரோசிஸ். எங்களைப் போன்றவர்கள் யாராவது படித்தால் பயன்படட்டும் என்று இரண்டு விவரங்களை எழுதுகிறேன்.

ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் மாத்திரைகளை, 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள். நாங்கள் முதல் எட்டு மாதம் வெளியே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அடுத்து, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் இவை போதும். கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் வரும், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் செய்கிறார்கள். என் கணவருக்கு அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொடையாளராக மனைவி இருக்கலாம் என்று சட்டம் சொல்வதால், எனக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

அவினாசித் தங்கைக்கு: உங்கள் தந்தையின் சம்பளத்துக்கு அந்த அட்டை கிடைப்பது கடினம். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாகவே மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று டிஸ்பென்சரிக்குப் போய் வந்தோம். காலை ஏழரைக்கு டோக்கன் வாங்கி, பதினொன்றரைக்கு மருத்துவரைப் பார்த்தோம். முதல் சான்று எழுதித் தந்தார். ‘சிரோசிஸ் வித் அசைட்டிஸ்’ என்று முழுதாக எழுதும்படி நான் கேட்டபோது நிமிர்ந்து பார்த்துவிட்டு, “யார் சொல்லிக் கொடுத்தது?” என்றார். ஆனால் எழுதினார். கல்லீரல் நிபுணரைப் பார்க்க ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் பரிந்துரைச் சீட்டு கொடுத்திருக்கிறார். கிளை அலுவலகத்தில் வங்கிக் கணக்கு விவரம் கேட்டார்கள், கொடுத்தோம். நாற்பது நாள் மனுவை வாங்கிக்கொண்டு ஒப்புகை முத்திரை போட்டுத் தந்தார்கள். நியமனதாரர் இடத்தில், சகோதரர் சொன்னது போலவே, இறந்துபோன என் பாட்டியின் பெயர்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று கரூரில் உள்ள அத்தை வீட்டுக்கு ஒரு மாதம் அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறோம். அதனால் உதவித்தொகைக்குப் பாதகம் ஏதும் வருமா?

பதில் 5 — ஓய்வு பெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர், கோவை

வரும், சொல்லாமல் போனால். குணமாவதற்குக் கேடானதைச் செய்யக்கூடாது என்று நான் முன்பு குறிப்பிட்ட அதே விதியில், மருத்துவ அதிகாரியின் அனுமதி இல்லாமல் சிகிச்சை பெறும் பகுதியை விட்டு வெளியூர் செல்லக்கூடாது என்றும் இருக்கிறது. திடீரென்று பரிசோதனைக்கு அழைத்து, ஆள் ஊரில் இல்லை என்று தெரிந்தால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். அடுத்த சான்று வாங்கப் போகும்போது அத்தை வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்து அனுமதி கேளுங்கள், மருத்துவர் எழுதித் தருவதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சான்று புதுப்பிக்க வேண்டிய தேதி வந்தால் கரூரிலேயே உள்ள ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் காட்டலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொண்டு, அதன் பிறகு பஸ் ஏற்றிவிடுங்கள்.